பேஸ் கிட்டார், பிக்கப், இன்னும் ஒன்று வாங்கும் ஆசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பேஸ் வாசிக்கத் தொடங்கி இருபது வருடம் தாண்டிவிட்டது. மெல்லிசைக் குழு, தேவாலயம், சின்னச் சின்ன ஸ்டுடியோக்கள் என்று போய்க்கொண்டிருக்கிறது. கூடவே நண்பர்களின் கிட்டார்களை வீட்டில் வைத்து செட்டப் செய்து கொடுக்கிறேன். கொண்டுவருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே விஷயம்: பிக்கப்பை மாற்றலாமா, இல்லை வேறு கிட்டாரே வாங்கிவிடலாமா. நேரில் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிக்கப்புக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றித் தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்று சுற்றப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். இரும்பு கலந்த ஸ்ட்ரிங் அந்தக் காந்தத்துக்கு மேலே ஆடும்போது காந்தப்புலம் கூடிக் குறைகிறது. அதனால் செம்புச் சுருளில் சின்னதாக ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது. அதுதான் வயர் வழியாக ஆம்புக்கு, அதாவது சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு, போகிறது. மைக் மாதிரி காற்றில் வரும் சத்தத்தைப் பிக்கப் கேட்பதில்லை. ஸ்ட்ரிங்கின் அசைவை மட்டும்தான் கேட்கிறது. நைலான் ஸ்ட்ரிங் போட்டால் அதற்கு ஒன்றுமே கேட்காது.

இதில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும். துணி காயப்போடும் கொடியை நினைத்துப் பாருங்கள். ஆட்டிவிட்டால் நடுவில் பெரிதாக ஆடும். ஆணியில் கட்டிய முனைக்குப் பக்கத்தில் கொஞ்சம்தான் அசையும். கிட்டார் ஸ்ட்ரிங்கும் அப்படித்தான். பிரிட்ஜுக்கு (உடம்பில் ஸ்ட்ரிங் கட்டியிருக்கும் முனை) பக்கத்தில் இருக்கும் பிக்கப்புக்கு அடிநாதம் குறைவாகவும், மேல் சுருதிகள் அதிகமாகவும் கேட்கும். சத்தம் ஒல்லியாக, மூக்கால் பேசுவது போல, ஆனால் தெளிவாக வரும். நெக் (இடது கை பிடிக்கும் நீளக் கட்டை) பக்கம் தள்ளி வைத்தால் உருண்டையாக, கனமாக வரும். ஆகவே பிக்கப் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. எந்தக் காந்தம், எத்தனை சுற்று, எந்த கம்பெனி என்பதெல்லாம் அப்புறம். கம்பெனி மாற்றினால் வரும் வித்தியாசத்தைவிட இடம் மாறினால் வரும் வித்தியாசம் பல மடங்கு பெரியது. இடமோ மரத்தில் வெட்டிய குழியோடு முடிவாகிவிட்டது.

பி பேஸ், ஜே பேஸ், ஹம்பக்கர் என்கிறார்கள். எனக்கு எது சரி?

பி என்பது பிரிசிஷன், ஜே என்பது ஜாஸ்; ஹம்பக்கர் என்பது இரைச்சலை அழிக்க இரண்டு சுருள் வைத்த பிக்கப். கொஞ்சம் வரலாறு சொன்னால்தான் இது புரியும். 1951இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கிட்டாரைக் கொண்டுவந்தார். அதுவரை பேஸ் வாசிப்பவர்கள் ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். டிரம்ஸும் பித்தளை வாத்தியங்களும் சேர்ந்தால் அது காதில் விழாது. சுருதி பிடிப்பதும் கஷ்டம். நெக்கில் குறுக்கே ஃப்ரெட் என்னும் உலோகக் கம்பிகள் வைத்ததால் சுருதி துல்லியமாக வந்தது. பெயர் வந்த காரணம் அதுதான். ஸ்ட்ரிங்கின் ஆடும் நீளம் 34 அங்குலம். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் அளவு அதுவே.

முதலில் அதில் சாதாரண ஒற்றைச் சுருள் பிக்கப்தான் இருந்தது. 1957இல் அதை இரண்டு துண்டாகப் பிரித்தார்கள். தடித்த ஈ, ஏ ஸ்ட்ரிங்குகளுக்கு ஒரு துண்டு. மெல்லிய டி, ஜி ஸ்ட்ரிங்குகளுக்கு ஒரு துண்டு. ஒரு துண்டின் காந்தம் வடக்கு மேலே என்றால் மற்றதில் தெற்கு மேலே. சுருளும் எதிர்த்திசை. சுவரிலிருந்து வரும் கரண்ட் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; ஸ்ட்ரிங்கின் சத்தம் மட்டும் அழியாமல் நிற்கும். எனக்கு ரொம்பப் பிடித்த வேலைப்பாடு இது. எழுபது வருடத்துக்குப் பக்கத்தில் ஆகிவிட்டது, இன்னும் அப்படியே செய்துகொண்டிருக்கிறார்கள்.

1960இல் ஜாஸ் பேஸ் வந்தது. நெக்கின் தலைப்பக்கம் 38 மி.மீ. அகலம்தான், சின்னக் கைக்குச் சுகம். இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப், இரண்டுக்கும் தனித்தனி வால்யூம். கலந்து கலந்து பல நிறம் எடுக்கலாம். 1976இல் மியூசிக் மேன் கம்பெனியின் ஸ்டிங்ரே வந்தது. பெரிய காந்தங்களோடு ஒரு தடித்த ஹம்பக்கர் பிரிட்ஜ் பக்கம், உள்ளேயே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் என்னும் சின்ன சர்க்யூட். அமெரிக்க பேஸ் கலைஞர் லூயிஸ் ஜான்சன் கட்டைவிரலால் அடித்து வாசித்த அந்த வெடிக்கும் சத்தம் இதிலிருந்துதான்.

என் அபிப்பிராயம்: குழுவில் வாசிக்கப் போகிறீர்கள், ஒரே ஒரு கிட்டார்தான் என்றால் பி பேஸ் வாங்குங்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அது சாதாரணமாகத்தான் இருக்கும். கடையில் பக்கத்தில் ஜே பேஸை வைத்து வாசித்தால் ஜே பேஸ்தான் அழகாக இருக்கும். ஆனால் இரண்டு கீபோர்டு, டிரம்ஸ், ரிதம் பேட், பாடகர்கள் என்று மேடை நிரம்பியதும் பி பேஸ் எங்கேயும் தொலையாமல் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தனி வாசிப்பு, விரல் வேகம், ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட் இல்லாத கிட்டார்) என்று ஆர்வம் இருந்தால் ஜே.

ஜே பேஸில் இரண்டு வால்யூமும் முழுசாக வைத்தால் அமைதி. ஒன்றைக் குறைத்தால் "ம்ம்ம்" என்று இரைச்சல். கெட்டுப்போய்விட்டதா?

இல்லை, அதன் இயல்பே அதுதான். இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டவை. இரண்டும் சமமாக இருக்கும்போது இரைச்சல் அழிகிறது. ஒன்று குறைந்தால் அழிக்க ஆள் இல்லை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளும்தான் நீங்கள் கேட்பது. உள்ளே செம்பு ஃபாயில் ஒட்டினால் கரகரப்பு குறையும், ஆனால் இந்த "ம்ம்ம்" முழுசாகப் போகாது. அது காந்த வழியாக வருகிறது, ஃபாயில் அதைத் தடுக்காது. தாங்கவே முடியவில்லை என்றால் அதே வடிவத்தில் உள்ளே இரண்டு சுருள் வைத்த, இரைச்சல் இல்லாத பிக்கப் கிடைக்கிறது. பிக்கப் மாற்ற நியாயமான காரணங்களில் இது ஒன்று.

ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, விட்டால் வருகிறது. ஏன்?

பிரிட்ஜிலிருந்து ஒரு எர்த் வயர் உள்ளே போகிறது. நீங்கள் தொடும்போது உங்கள் உடம்பும் அந்த எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது. அதனால் குறைகிறது. இது சரியான நிலை. தொட்டால் இரைச்சல் *கூடுகிறது* என்றால் உள்ளே ஏதோ வயர் மாறியிருக்கிறது, அல்லது எர்த் வயர் விட்டுப்போயிருக்கிறது.

இதோடு இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். ஸ்ட்ரிங்கில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்றால், அது கிட்டார் பிரச்சினை இல்லை. அந்த மண்டபத்தின் அல்லது ஆம்பின் எர்த்திங் பிரச்சினை. உயிர் போகும் விஷயம். ஆம்பின் ப்ளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டு இரைச்சலை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்தவரோடு வாசிக்காதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஸ்விட்ச் போர்டை டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு மேடை ஏறினால் போதும், கச்சேரி பத்து நிமிஷம் தாமதமானால் ஒன்றும் ஆகாது.

ஆக்டிவ், பாசிவ்?

பாசிவ் கிட்டாரில் பேட்டரி இல்லை. டோன் குமிழ் மேல் சத்தத்தை வெட்டும், கூட்டத் தெரியாது. ஆக்டிவில் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. பேஸ், ட்ரெபிள் இரண்டையும் கூட்டலாம், குறைக்கலாம். நீளமான கேபிள் போட்டாலும் மேல் சத்தம் மங்காது. ஒன்று மற்றதைவிட உயர்ந்தது என்பதில்லை. ஆக்டிவ் வைத்திருப்பவர்கள் வாசித்து முடித்ததும் ஜாக்கை உருவிவிடுங்கள். ஜாக் செருகியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். கச்சேரி நடுவில் சத்தம் பிசிறடித்துக் கரகரத்தால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.

என்னுடையது விலை குறைந்த கிட்டார். நல்ல பிக்கப் போட்டால் நல்ல கிட்டார் ஆகிவிடுமா?

அதிகமாக வருகிற கேள்வி இதுதான். நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி தன்னுடைய ஆரம்பநிலை பி பேஸைக் கொண்டுவந்தான். "அண்ணே, டி, ஜி ரெண்டும் கேக்கவே மாட்டேங்குது. பிக்கப் போயிருச்சு. புதுசு பார்த்து வச்சிருக்கேன், நீங்க மாட்டித் தரணும்" என்றான். அவன் பார்த்து வைத்திருந்த பிக்கப்பின் விலை கிட்டார் விலையில் பாதிக்கு மேல்.

ஆம்பில் செருகி வாசித்துப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. ஈ ஸ்ட்ரிங் இடி மாதிரி, ஜி ஸ்ட்ரிங் பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது மாதிரி. குனிந்து பார்த்தால் டி, ஜி பக்கத்துத் துண்டு அப்படியே பலகையோடு அமுங்கிக் கிடக்கிறது. ஸ்க்ரூவைத் தளர்த்தினேன், ஸ்க்ரூ மட்டும் மேலே வருகிறது, பிக்கப் அசையவில்லை. ஸ்ட்ரிங்குகளைத் தளர்த்திப் பிக்கப்பை வெளியே எடுத்தேன். அடியில் இருந்த ஸ்பான்ஞ்சு மாவாக உதிர்ந்து கையில் ஒட்டியது. ஸ்க்ரூவின் வேலை பிக்கப்பைப் பிடித்து நிறுத்துவது மட்டும்தான். மேலே தள்ளுவது அந்த ஸ்பான்ஞ்சு. அது செத்துப்போனதால் பிக்கப் உள்ளே விழுந்துவிட்டது.

வீட்டில் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் கெட்டியான ஸ்பான்ஞ்சு இருந்தது. அதில் இரண்டு துண்டு நறுக்கி, இரண்டு பக்கமும் வைத்து, ஸ்க்ரூவை முறுக்கி உயரம் சரிசெய்தேன். ஒன்றரை வருடமாக மாற்றாத ஸ்ட்ரிங்கைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டோம். முக்கால் மணி நேரம் ஆனது. நாலு ஸ்ட்ரிங்கும் சமமாகக் கேட்டது. அவன் போனை எடுத்து அந்த ஆர்டரை என் முன்னாலேயே கேன்சல் செய்தான். மிச்சமான காசில் அடுத்த மாதம் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினான், இப்போது வீட்டிலேயே ரெக்கார்ட் செய்து பழகுகிறான்.

ஆக, வரிசை இதுதான். முதலில் ஸ்ட்ரிங். அடுத்து செட்டப்: நெக்கின் வளைவு, ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம் என்னும் ஆக்‌ஷன், சுருதி. அடுத்து பிக்கப்பின் உயரம். அதற்கு அடுத்து வால்யூம் குமிழ், ஜாக், சால்டரிங் போன்ற சின்னச் சாமான்கள். குமிழுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் 250 கிலோ ஓம், டோன் கெப்பாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட்; சென்னை ரிச்சி தெருவில் கெப்பாசிட்டர் ஒரு டீ விலைக்குக் கிடைக்கும். இத்தனையும் செய்த பிறகும் சத்தம் பிடிக்கவில்லை என்றால் பிக்கப்பை மாற்றுங்கள், அப்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும். நெக் முறுக்கிக்கொண்ட, ஃப்ரெட் தேய்ந்த கிட்டாரில் மட்டும் பிக்கப்புக்குக் காசு போடாதீர்கள்.

பிக்கப் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரிங்கின் அடியிலிருந்து பிக்கப் வரை அளந்து பாருங்கள். ஈ பக்கம் 3 மி.மீ. சுமாராகவும், ஜி பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும் வைத்துத் தொடங்கலாம். அப்புறம் காதுதான். ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் சத்தம் பெரிதாகும், ஆனால் அடியின் முதல் முனை மட்டும் முந்திக்கொண்டு வரும், நாதம் நீளாது. கனத்த ஸ்ட்ரிங் காந்தத்தில் இடிக்கவும் செய்யும். தள்ளி வைத்தால் சத்தம் குறைந்தாலும் சீராக, இனிமையாக இருக்கும். சத்தம் குறைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆம்பில் வால்யூம் இருக்கிறது. அரைச் சுற்று திருப்பு, வாசி, கேள். இப்படி ஒரு சாயங்காலம் செலவழித்தால் புதுப் பிக்கப் வாங்கிய மாதிரியே இருக்கும்.

செட்டப் நானே செய்யலாமா?

செய்யலாம். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் ஏழாவது ஃப்ரெட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். அதிகம் என்றால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்று இறுக்குங்கள், இடைவெளியே இல்லை என்றால் கால் சுற்று தளர்த்துங்கள். மறுநாள் பாருங்கள். நாலு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து சுமார் 80 கிலோ இழுக்கிறது, மரம் மெதுவாகத்தான் வழிக்கு வரும். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்துக்கும் வெயில்காலத்துக்கும் நெக் நகரும், வருடத்துக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ராட் முறுக்க வரவில்லை, கடினமாக இருக்கிறது என்றால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

எந்த ஸ்ட்ரிங்?

ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது) பளிச்சென்று இருக்கும், விரல் தேய்க்கும் சத்தம் வரும், சீக்கிரம் மங்கும். ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றியது) வழவழப்பாக, கனத்த அடிநாதத்தோடு இருக்கும், வருடக்கணக்கில் உழைக்கும். பழைய படப் பாட்டுகளை மேடையில் வாசிக்கிறவர்கள் ஒருமுறை ஃப்ளாட்வவுண்ட் போட்டுப் பார்க்க வேண்டும். எத்தனையோ பேர் பிக்கப்பில் தேடும் சத்தம் அந்தப் பாக்கெட்டில் இருக்கிறது. அழுக்கேறிய ரவுண்ட்வவுண்டைக் கழற்றிப் பத்து நிமிடம் வெந்நீரில் கொதிக்கவிட்டு, நன்றாகத் துடைத்துக் காயவைத்தால் ஒரு சில நாள் தெளிவு திரும்பும். அவசரத்துக்கு ஆகும்.

ஜேமர்சன் மாதிரி, ஜாக்கோ மாதிரி சத்தம் வர எதை வாங்க வேண்டும்?

அமெரிக்காவின் டெட்ராய்டில் மோட்டவுன் இசை நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பல வருடம் ஒரே ஒரு 1962 பிரிசிஷன் பேஸைத்தான் வைத்திருந்தார். கனமான ஃப்ளாட்வவுண்ட், உயரமான ஆக்‌ஷன், பிரிட்ஜ் மூடிக்கடியில் ஒரு ஸ்பான்ஞ்சு. ஸ்ட்ரிங் அறுந்தால்தான் மாற்றுவார் என்பார்கள். அவர் முதலில் டபுள் பேஸ் வாசித்தவர். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே எல்லாவற்றையும் வாசித்தார். அந்த விரலுக்கு 'கொக்கி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இதில் கடையில் விலைக்குக் கிடைப்பது எது? ஸ்ட்ரிங்கும் ஸ்பான்ஞ்சும். மற்றதெல்லாம் ஒரு விரலும் டபுள் பேஸ் பழகிய வருடங்களும்.

இன்னொரு அமெரிக்க பேஸ் கலைஞரான ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1960களின் தொடக்கத்து ஜாஸ் பேஸ் ஒன்றில் ஃப்ரெட்டுகள் இல்லாத பலகை மேல் எப்பாக்சி என்னும் கெட்டியான பிசின் பூசி வாசித்தார். பின்பக்கப் பிக்கப்பின் சத்தத்தையே அதிகமாக வைத்து, வலது கையையும் அதற்கு நேர் மேலே வைத்து மீட்டுவார். அந்த மூக்கு சத்தம் அங்கிருந்து வருகிறது. உங்களிடம் ஜே பேஸ் இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். முன் பிக்கப்பைக் குறைத்து, கையைப் பிரிட்ஜ் பக்கம் நகர்த்துங்கள். பிறகு அதே கையை நெக் முடியும் இடத்துக்குக் கொண்டுபோய் அதே வரியை வாசியுங்கள். ஒரே கிட்டாரில் இரண்டு கிட்டார் கேட்கும்.

இளையராஜா பாட்டுகளில் வரும் பேஸ் சத்தத்துக்கு எந்தப் பிக்கப்?

இதைக் கேட்காத தமிழ் பேஸ் கலைஞன் இல்லை. நானும் வருடக்கணக்கில் இதைத் தேடினேன். அந்த வரிகள் அப்படி நெஞ்சில் நிற்பதற்குக் காரணம் சத்தத்தின் நிறத்தைவிட வரியின் எழுத்துதான். அவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஸ்வரக்குறிப்பு எழுதிக் கொடுப்பவர். பேஸுக்கு வெறும் மூல ஸ்வரத்தை அடிக்கும் வேலை கொடுக்காமல் பாட்டுக்கு எதிராக ஒரு தனி மெட்டையே கொடுத்தார். அதைச் சசிதரன் போன்றவர்கள் ஒவ்வொரு ஸ்வரத்தின் நீளமும் பிசகாமல் வாசித்தார்கள். பின்னால் ரஹ்மானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் கவனித்துக் கேளுங்கள். எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்று கேளுங்கள்.

ஹெட்போன் போட்டு, பிடித்த ஒரு வரியை நாலு நாலு தாளச் சுற்றாக எழுதி எடுங்கள். எந்த ஸ்வரம் எங்கே முடிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிவைச் சரியாக வாசித்த அன்று உங்கள் கிட்டாரிலேயே அந்தச் சத்தம் வருவதைக் கேட்பீர்கள்.

வாங்கிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. ஒன்று வந்ததும் அடுத்தது. இது எனக்கு மட்டும்தானா?

இல்லை. உலகம் முழுக்க இதற்குப் பெயரே இருக்கிறது: 'கேஸ்' (G.A.S.), அதாவது சாமான் சேர்க்கும் நோய். ஸ்டீலி டான் குழுவின் வால்டர் பெக்கர் 1990களில் கிட்டார் பத்திரிகை ஒன்றில் எழுதி அந்தப் பெயரைப் பரப்பினார்.

என்னிடம் ஒரு கட்டத்தில் ஆறு பேஸ் கிட்டார் இருந்தன. மூன்றாவதை வாங்கிய ராத்திரி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு ஸ்டுடியோவில் ஒரு பாட்டுக்கு வாசித்திருந்தேன். இரண்டு நாள் கழித்து என் வாசிப்பை எடுத்துவிட்டுக் கீபோர்டில் பேஸ் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. யாரும் என்னிடம் சொல்லவில்லை, பாட்டைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போனில் ஒரு ஜே பேஸைப் பார்த்து, பணத்தைக் கட்டிவிட்டுத்தான் படுத்தேன். நல்ல கிட்டார் இருந்திருந்தால் எடுத்திருக்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்பினேன்.

பல மாதம் கழித்து அந்த முதல் ரெக்கார்டிங்கின் தனி ட்ராக் கைக்கு வந்தது. கிக் டிரம்மோடு சேர்த்துப் போட்டுக் கேட்டேன். சத்தம் நன்றாகவே இருந்தது. ஆனால் என் ஸ்வரங்கள் ஒவ்வொன்றும் அடுத்த அடி வரை இழுத்துக்கொண்டு நின்றன. கிக் முடிந்த பிறகும் நான் முடியவில்லை. பாட்டு மூச்சுவிட இடமே இல்லை. நானாக இருந்தாலும் அதை எடுத்திருப்பேன். அப்போதுதான் புரிந்தது, எனக்கு அன்று வேண்டியிருந்தது கிட்டார் இல்லை. இடது கை விரலைச் சரியான நேரத்தில் தளர்த்தக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மெட்ரோனோம் வைத்து அதைச் சரிசெய்ய ஆறு மாதம் ஆனது.

அதிலிருந்து வருகிறவர்களிடம் கேட்பேன்: "இதை வாங்கணும்னு எப்போ தோணுச்சு?" யாரோ நன்றாக வாசித்ததைப் பார்த்த அன்று, கச்சேரியில் தப்பு விழுந்த அன்று, வேலையில் அலுத்துப்போன அன்று என்று பதில் வரும். கிட்டாரில் ஒரு குறை தெரிந்த அன்று என்று சொல்பவர்கள் குறைவு.

அப்படியானால் உண்மையான தேவையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். வாங்கத் தோன்றும் பொருளை எழுதி, பக்கத்தில் தேதியும், "இப்போது என்னிடம் இருப்பதில் எதைச் செய்ய முடியவில்லை" என்று ஒரு வரியும் எழுதுவேன். அந்த ஒரு வரியை எழுத முடியாமல் போனவை நிறைய. எழுத முடிந்தால் ஒரு மாதம் கழித்துத் திரும்பப் படிப்பேன். அதற்குள் அதே மாதிரி கிட்டார் வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு வாரம் கடன் வாங்கி வாசித்துப் பார்ப்பேன். நம் ஆட்கள் கேட்டால் கொடுப்பார்கள். கடன் வாங்கிய கிட்டாரில் ஒரு வரியையும், என் கிட்டாரில் அதே வரியையும் ரெக்கார்ட் செய்து, ஒரு நாள் விட்டுக் கேட்பேன். எது எது என்று தெரியவில்லை என்றால் கதை முடிந்தது.

தவணையில் வாங்காதீர்கள். கச்சேரி வருமானம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. வீட்டில் சொல்லாமல் ஒளித்து வாங்கும் நிலை வந்துவிட்டால் நம்பகமான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். வாத்தியம் சந்தோஷத்துக்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சி வரக் கூடாது.

வாங்குவது நியாயமான சமயமே இல்லையா?

நிறைய இருக்கிறது. பாட்டுகள் ஈ ஸ்ட்ரிங்குக்குக் கீழே போகின்றன என்றால் ஐந்து ஸ்ட்ரிங் வேண்டும்; ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே உள்ள ஐந்தாவது 31 ஹெர்ட்ஸ் சுமார். ஃப்ரெட்லெஸ்ஸின் கமகம் வேறு எதிலும் வராது. நம் ராகங்களை வாசிக்க நினைப்பவர்களுக்கு அது ஒரு உலகம். தோள்பட்டை, மணிக்கட்டு வலி இருந்தால் 30 அங்குல நீளமுள்ள, எடை குறைந்த கிட்டார் வாங்குவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அடிக்கடி வெளியூர்க் கச்சேரி என்றால் ஸ்ட்ரிங் அறுந்தால் எடுக்க இரண்டாவதாக ஒன்று தேவை. அதையும் முதலாவது மாதிரியே வாங்குங்கள், கை தடுமாறாது.

பெடல்களில் ஒன்றே ஒன்று சொல்வேன்: ட்யூனர். அடுத்ததாக ஒரு நல்ல டிஐ பெட்டி, கிட்டாரை நேராக மிக்சரில் இணைக்கும் சாதனம். மண்டபத்தில் ஆம்ப் எப்படி இருந்தாலும் மிக்சருக்குச் சுத்தமான சத்தம் போகும்.

பழைய கிட்டார் வாங்கும்போது பிக்கப்பை எப்படிச் சோதிப்பது?

ஆம்பில் செருகி, சின்ன ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் ஒவ்வொரு காந்தத்தையும் மெல்லத் தொடுங்கள். "டொக்" என்று கேட்க வேண்டும். கேட்காத பக்கம் செத்திருக்கிறது. பாசிவ் கிட்டார் என்றால் கேபிளைச் செருகி, வால்யூமையும் டோனையும் முழுசாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்து ஓம் பாருங்கள். பி பேஸில் 10 கிலோ ஓமை ஒட்டி வரும். ஜே பேஸில் இரண்டு வால்யூமும் திறந்திருந்தால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்துகொள்ளும், எண் பாதியாகத்தான் வரும். பிக்கப்பின் வயரிலேயே தனித்தனியாக அளந்தால் ஒவ்வொன்றும் 7, 8 கிலோ ஓம் காட்டும். எண்ணே வராமல் முடிவில்லா மின்தடை காட்டினால் உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கிறது. ஆக்டிவில் ஜாக் வழியாக இப்படி அளக்க முடியாது; பேட்டரிப் பெட்டியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

பிக்கப்பை மாற்றிவிட்டேன். பழையதை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். ஒரு டப்பாவில் அதன் ஸ்க்ரூ, ஸ்பான்ஞ்சு, வெட்டிய வயர்த் துண்டு எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு, எந்தக் கிட்டாருடையது, எந்த வருடம் கழற்றியது என்று மேலே எழுதி வையுங்கள். கழற்றும் முன் எந்த வயர் எங்கே சால்டர் ஆகியிருக்கிறது என்று ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். கிட்டாரை விற்கும்போது வாங்குபவர் அந்த டப்பாவைத்தான் முதலில் கேட்பார். அதோடு, ஆறு மாதம் கழித்து ஒருநாள் பழையதையே திரும்ப மாட்டிக் கேட்கத் தோன்றும். எனக்கு இரண்டு முறை தோன்றியிருக்கிறது. ஒரு முறை மாட்டியதை அப்படியே விட்டுவிட்டேன், இன்றைக்கும் அதில்தான் வாசிக்கிறேன்.